கேஷஸ் செல்லுமா? கேஷ் என்பது நம் காசுதானா?

வேப்பம்பூ எழுதியது:

வணக்கம். வீட்டில் ஓர் ஆட்டம் பாதியில் நிற்கிறது. எழுத்துகள் கலையாமல் பலகையை அப்படியே தூக்கிப் பீரோவின்மேல் வைத்திருக்கிறேன். இங்கே யாராவது தீர்த்துவைத்தால்தான் அதைக் கீழே இறக்க முடியும்.

விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். எட்டாம் வகுப்பு. அப்பா, அவன், நான் மூவரும் ஸ்கிராபிள் ஆடினோம், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம். அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பாதிக்குமேல் காசாளர் கூண்டுக்குள் கழிந்தது. யாராவது ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால், சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுத் திருத்துவார்.

பலகையின் மேல்வரிசை வரை ஏறி நின்ற ஒரு சொல்லின் முதல் எழுத்து இ. பையன் அதைப் பிடித்துக்கொண்டான். இடது மூலையிலிருந்து சி, ஏ, எஸ், எச் என்று நான்கு காய்களை அடுக்கி, இ-யைத் தாண்டி இன்னோர் எஸ்ஸை வைத்தான். கேஷஸ். மூலையில் சொல்லுக்கு மூன்று மடங்கு. எச் விழுந்த கட்டத்தில் எழுத்துக்கு இரு மடங்கு. மொத்தம் 45 புள்ளிகள்.

அப்பா உடனே மறித்துவிட்டார். "கேஷ் எண்ண முடியாத பெயர்ச்சொல். நோட்டை எண்ணலாம், சில்லறையை எண்ணலாம். கேஷுக்குப் பன்மை கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு பேரேட்டில்கூட நான் கேஷஸ் என்று எழுதியதில்லை" என்றார். பையனும் விடவில்லை. பள்ளிப் போட்டியில் மூத்த மாணவன் ஒருவன் அதே சொல்லை வைத்ததைப் பார்த்தேன் என்கிறான். எப்படிச் செல்லும் என்று தாத்தா கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

இதற்கிடையே சமையலறையிலிருந்து அம்மா, "கேஷ் என்பதே நம் காசிலிருந்து போன சொல்தானே, காசுகள் என்று சொல்கிறோம், அப்படியானால் கேஷஸும் சரிதான்" என்றார். அதோடு கேள்வி இரண்டாகிவிட்டது.

ஒன்று, கேஷஸ் செல்லுமா? இரண்டு, கேஷ் காசிலிருந்து வந்ததா?

எழுத்துப்பை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். பையனின் 45 புள்ளிகளையும் எழுதிவிடுங்கள். கேஷஸ் செல்லும். வட அமெரிக்கப் போட்டிகளில் பயன்படும் சொற்பட்டியலிலும் இருக்கிறது, மற்ற நாடுகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலிலும் இருக்கிறது.

உங்கள் அப்பா பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்துவிட்டார். கேஷ் வினைச்சொல்லும்கூட. காசோலையைக் கொடுத்துப் பணமாக்குவதைச் சொல்லும் வினை. 'அவர் மாதாமாதம் காசோலையைப் பணமாக்குகிறார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் படர்க்கை ஒருமைக்கு எஸ் ஒலி சேர்ந்தே ஆக வேண்டும். சொல் எஸ்-எச்சில் முடிவதால் இ-எஸ் சேரும். இந்த ஒரு காரணமே போதும். உங்கள் அப்பா தம் கூண்டில் உட்கார்ந்து நாள் முழுவதும் செய்த வேலையே அந்த வினைதான். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், கோபப்பட மாட்டார்.

இந்த ஆட்டத்தில் புதிதாக நுழைகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பலகையில் வைப்பது எழுத்துக்கோவை, பொருள் அல்ல. ஒரே எழுத்துக்கோவைக்கு அகராதியில் நான்கு பொருள்கள் இருந்து, அவற்றில் ஒன்றே ஒன்று எஸ் ஏற்றால்கூட அது செல்லும். 'எந்தப் பொருளில் வைத்தாய்' என்று எதிராளி கேட்கவும் முடியாது. 1978-இல் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் இந்த ஆட்டத்துக்கென்று ஓர் அகராதியை வெளியிட்டது. அதில் ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சிறு விளக்கம்தான் இருக்கும். கேஷுக்கு எதிரே அது வினையாகத்தான் நிற்கிறது. அதில் பொருள் தேடிப் படித்தால் ஏமாற்றம்தான். அது செல்லும், செல்லாது என்று சொல்ல எழுந்த நூல்.

அதோடு, எண்ண முடியாத பெயர்ச்சொற்கள் பலவற்றுக்கும் பட்டியல்கள் பன்மை தருகின்றன. லக்கேஜுக்கும் அட்வைஸுக்கும் எஸ் சேர்ப்பது வகுப்பறையில் பிழை, பலகையில் சரி. ஆங்கில ஆசிரியர்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும்.

ஆட்டக்காரனாக ஒன்று சொல்கிறேன். பையில் நான்கே எஸ் உண்டு. ஒரே சொல்லில் இரண்டைக் கொட்டுவதற்கு எனக்கு மனம் வராது. ஆனால் 45 கிடைக்கும்போது கொட்டலாம். கையில் டபிள்யூ இருந்திருந்தால் கடைசி எஸ்ஸுக்குப் பதில் அதை வைத்திருக்கலாம். கேஷ்யூ, முந்திரிப்பருப்பு. அதே இடத்தில் 54 புள்ளிகள், மிச்சம் ஓர் எஸ்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் எந்த அகராதி என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் விதித்தாளே அதைத்தான் சொல்கிறது. போட்டிகளில் தப்பாக மறித்தால் மறித்தவருக்கு இழப்பு உண்டு. வட அமெரிக்காவில் அவருடைய முறையே போய்விடும்.

தமிழ்வேர் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு ஏன் இத்தனை தயக்கம்? கேஷ் என்பது காசுதான். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? சோழர் கல்வெட்டுகளில் காசு இருக்கிறது, ஈழக்காசு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் சென்னைக்கு வந்து வணிகம் செய்தார்கள், சொல்லையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டுமரம் போனது, சுருட்டு போனது, மிளகுத்தண்ணீர் போனது. காசு மட்டும் போகாதா? உங்கள் அம்மா சொன்னதுதான் சரி.

கரும்பலகை எழுதியது:

ஆங்கில ஆசிரியையாக 31 ஆண்டுகள் இருந்தவள். எழுத்துப்பை சொன்னது போல வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் விதியை ஏற்றுக்கொள்கிறேன்.

தமிழ்வேர் ஐயா, உங்கள் பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் கேஷ் என்று ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகத் தருகின்றன.

முதலாவது, கைப்பணம் என்ற பொருளில் உலகமே பயன்படுத்துவது. இத்தாலியச் சொல் காஸா, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காஸா என்றால் பெட்டி. அதற்கும் மூலம் லத்தீனின் காப்ஸா. கேஸ், கேப்ஸ்யூல் எல்லாம் அதே குடும்பம். ஆங்கிலத்திலும் கேஷ் தொடக்கக் காலத்தில் பணப்பெட்டியையே குறித்திருக்கிறது. பிறகு பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. 'கல்லாவில் எவ்வளவு இருக்கிறது' என்பதை 'கல்லா எவ்வளவு' என்று நம் கடைக்காரர் கேட்பதைப் போல. வேப்பம்பூவின் அப்பாவுக்கு இன்னொரு செய்தி: லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணக்கியல் பகுதியில் காஸா என்று ஒரு கணக்குத் தலைப்பு வருகிறது. அவர் நாள்தோறும் முடித்துக் கையெழுத்திட்ட கேஷ் புத்தகத்தின் முன்னோர் அதுதான்.

இரண்டாவது கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயம். ஐயா, இதுதான் நம் காசு. தமிழ்க் காசு, போர்த்துக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மெரியம்-வெப்ஸ்டரே வெளிப்படையாகத் தமிழ் என்று எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய மூலம் கர்ஷம் என்ற வடமொழி எடைப்பெயர் என்றும் எழுதுகிறது. தமிழறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அது தனி விவாதம்.

காலத்தையும் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் பிஸ்டல் என்ற பாத்திரம் கடனைக் கேஷாகவே தருவதாகச் சொல்கிறது. நாடகம் 1599-ஐச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31-இல். சென்னையில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது 1639-இல். கப்பல் கிளம்புவதற்கு முன்பே லண்டன் நாடக மேடையில் சொல் இருந்திருக்கிறது.

தமிழ்வேர் எழுதியது:

அம்மா, ஆண்டுக்கணக்கை மதிக்கிறேன். ஆனால் ஆங்கிலேயர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்த்துக்கீசியர் வந்துவிட்டார்களே. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. காசு அவர்கள் வாயில் ஏறி லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு 1599-க்குள் போயிருக்கலாம் அல்லவா? நூறு ஆண்டு போதாதா ஒரு சொல் பயணம் செய்ய? எங்கள் சொல்லை எங்களுடையது என்று சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் ஏன் நாங்களே வழக்காட வேண்டியிருக்கிறது?

கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி. விடை கிடைப்பதும் போர்த்துக்கீசிய மொழியிலேதான்.

அவர்கள் மொழியில் பெட்டிக்குக் கைஷா என்று பெயர். அதுவும் லத்தீனின் காப்ஸாவிலிருந்து வந்ததே. நம் கரையில் இறங்கியவர்கள் காசு என்று கேட்டதும், தங்கள் நாவுக்குப் பழகிய கைஷாவாகவே அதைச் சொன்னார்கள், எழுதினார்கள். அதாவது அவர்களிடமே பெட்டியும் காசும் ஒரே எழுத்துக்கூட்டில் விழுந்துவிட்டன. ஆங்கிலேயரும் பின்னால் அதையே செய்தார்கள். கைஷா என்ற நாணயப் பெயரைக் கேட்டபோது, வீட்டில் ஏற்கெனவே இருந்த கேஷ் என்ற சொல்லின் உருவில் அதை வார்த்துவிட்டார்கள். காதில் விழுந்த புதுச்சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா மக்களும் செய்வது.

1511-இல் மலாக்காவைப் பிடித்த பிறகு, அங்கே புழங்கிய, நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கும் போர்த்துக்கீசியர் இதே பெயரை வைத்தார்கள். சீன வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கேஷ் என்று பார்ப்பது அதனால்தான். ஆயிரம் நாணயங்களைக் கயிற்றில் கோத்து ஒரு சரம் என்பார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதே இல்லை. அந்தச் சதுரத் துளை நாணயம் ஆங்கில நூல்களில் சுமப்பது ஒரு தமிழ்ப் பெயரை. நமக்குப் பெருமை வேண்டும் என்றால் ஷேக்ஸ்பியரிடம் போக வேண்டாம், இங்கே எடுத்துக்கொள்ளலாம். இது உண்மையான பெருமை.

செப்புக்காசு எழுதியது:

புதுக்கோட்டைக்காரன். பழைய நாணயங்கள் சேர்ப்பவன். எல்லோரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விவாதம் அடங்கிவிடும் என்று எழுதுகிறேன்.

சென்னையில் கம்பெனி வைத்திருந்த கணக்கு இது: 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலேயர் தம் கணக்கேடுகளில் இந்த மூன்றையும் கேஷ், ஃபனம், பகோடா என்று எழுதினார்கள். ஃபனம் என்பது நம் பணம்தான். இங்கே கேஷ் மொத்தப் பணத்தைக் குறிக்கவில்லை, அடிமட்டத்தில் கிடக்கும் செப்புத் துண்டைக் குறிக்கிறது. இரண்டு சொற்களையும் ஒன்றாக எண்ணினால் அந்தக் கணக்கேட்டில் ஒரு வரிகூடப் புரியாது. 1818-இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறிய பிறகு இந்த ஏற்பாடு மறைந்தது.

என்னிடம் 1808-ஆம் ஆண்டின் இருபது காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், ஆண்டு. மறுபக்கம் ரோமன் எண்ணில் இருபது, அதோடு கேஷ் என்று ஆங்கிலத்தில். மேலே பாரசீக எழுத்தில் 'இருபது காசு நான்கு ஃபுலூஸ்' என்ற பொருளில் ஒரு வரி. தமிழ்ச்சொல் ஆங்கில எழுத்திலும் பாரசீக எழுத்திலும் ஒரே செம்பில் நிற்கிறது. இதை பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தார்கள். சென்னையில் புழங்குவதற்காகவே அடித்தவை.

அவற்றில் ஒரு பங்கு சென்னை வந்து சேரவே இல்லை. அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் காசுப் பீப்பாய்களோடு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அவற்றை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். பீப்பாய்க்குள் மணலோடு இறுகிக் கிடந்ததால் பல காசுகள் புதுக் கருக்குக் கலையாமல் இருந்தன. இன்று சேகரிப்பாளர்களிடம் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பல அந்தக் கடலிலிருந்து வந்தவை. என்னுடையதும் அப்படித்தான். திருவல்லிக்கேணியில் ஒரு தேங்காய்க்காரியின் மடியில் இருந்திருக்க வேண்டிய காசு, 170 ஆண்டுகளுக்குமேல் அன்னியக் கடலடியில் கிடந்துவிட்டு என் மேசைக்கு வந்திருக்கிறது. அதை எடுத்துப் பார்க்காத நாளில்லை.

எங்கள் ஊரில் அம்மன் காசு உண்டு. சிறியது, விரல் நுனியில் உட்காரும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்று இருக்கும். தொண்டைமான் சமஸ்தானத்தில் நவராத்திரி நாட்களில் அரிசியோடு இதையும் சேர்த்து மக்களுக்குக் கொடுப்பார்கள். பழைய வீடுகளின் அஞ்சறைப்பெட்டிகளில் இன்றும் கிடக்கிறது.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. உங்கள் ஊரில் அன்றாடப் பேச்சில் பணம் என்கிறீர்கள். எங்களுக்குக் காசுதான். சந்தைக்குப் போனாலும் காசு, வங்கிக்குப் போனாலும் காசு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவதும் காசு. செப்புக்காசு ஐயா போட்ட பட்டியலில் காசு அடியில் கிடக்கிறது. எங்கள் வாயில் அது எல்லாவற்றையும் தன்னுள் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே எங்கள் பிள்ளைகள் கேஷ் என்ற சொல்லை முதல்முறை கேட்கும்போது மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. ஒலியும் பொருளும் அப்படியே பொருந்திவிடுகின்றன. தமிழ்வேர் ஐயாவின் எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. நானும் இன்று காலை வரை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நாஞ்சில்காரன் எழுதியது:

நாகர்கோவில். எங்கள் பகுதி 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அங்கே கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பாட்டி கடைசி வரை சக்கரத்தில்தான் விலை சொல்வார். 'இரண்டு சக்கரத்துக்கு வாங்கிய மீனைப் பத்துப் பேர் தின்றோம்' என்பார்.

எழுத்துப்பை முந்திரிப்பருப்பைச் சொன்னதால் கேட்கிறேன். எங்கள் பக்கம் கொல்லாமரம், அண்டிப்பருப்பு என்போம். கொல்லத்தில் ஒரு வெள்ளைக்காரன் கூடையைக் காட்டி இது என்னவென்று கேட்டானாம். விற்றவள் விலை கேட்கிறான் என்று நினைத்து, 'காசுக்கு எட்டு' என்றாளாம். அதுவே கேஷ்யூநட் ஆனது என்று சிறுவயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் பையில் டபிள்யூ இருந்திருந்தால் பையன் வைத்திருக்கக்கூடிய சொல்லும் தமிழ்தானா?

எழுத்துப்பை எழுதியது:

கதை அழகு. ஆனால் மரமே இங்கே பிறந்ததில்லை. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்டது. பிரேசிலின் துப்பி மக்கள் அதை அக்கஜு என்றார்கள், போர்த்துக்கீசிய மொழியில் கஜு ஆனது, ஆங்கிலத்தில் கேஷ்யூ. காசுக்கு எட்டு விற்றிருக்கலாம். பெயர் அதனால் வரவில்லை.

ஆனால் உங்களுக்கு வேறொன்று தருகிறேன். பலகையில் கேஷ் இருந்து, கையில் இரண்டு ஓ இருந்தால் பின்னால் ஒட்டுங்கள். கஷூ. செல்லும், 11 புள்ளிகள். என்ன பொருள் தெரியுமா? காசுக்கட்டி! வெற்றிலையோடு போடும் அதே துவர்ப்புக்கட்டி. கருங்காலி மரத்தின் வைரத்தை வேகவைத்து இறுக்கி எடுப்பது. ஐரோப்பிய மொழிகளுக்கு அந்தப் பெயர் மலாய் மொழி வழியாகப் போனது. கன்னடத்திலும் துளுவிலும் அது காசு என்ற ஒலியோடுதான் இருக்கிறது. நாணயத்தோடு தொடர்பு இல்லை. பல ஆண்டுகளாக இந்தச் சொல்லை வெறும் எழுத்துக்கோவையாக வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொருள் பார்த்தேன். பாட்டியின் வெற்றிலைப்பெட்டி வாசனை வந்துவிட்டது.

கேஷுக்கு முன்னால் எதுவும் ஓரெழுத்தாகச் சேராது, இது நினைவில் வைக்க வேண்டியது. முன்னால் இரண்டெழுத்து இடம் இருந்தால் இ, என் வைத்து என்கேஷ் ஆக்கலாம், காலின்ஸில் செல்லும். நம் வங்கிகளில் தினமும் கேட்கிற சொல். கேஷின் நான்கு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் காலின்ஸில் சாஸ் செல்லும், தேநீருக்கான சா-வின் பன்மை.

கேஷியரையும் விடக் கூடாது. பெயர்ச்சொல்லாக அது காசாளர். வினையாக, படையிலிருந்து ஓர் அதிகாரியை இழிவோடு நீக்குவது. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. நீக்குவதைச் சொல்லும் வினை டச்சு மொழி வழியாக வந்தது. ஆகவே வினையில் -ட் சேர்த்தும் வைக்கலாம். 'காசாளருக்கு இறந்தகாலம் உண்டா' என்று மறிப்பவர்கள் உண்டு. மறிக்கட்டும், நமக்கு நல்லதுதான்.

கரும்பலகை அம்மா சொன்ன இரட்டைப் பிறப்புக்கு இன்னும் நல்ல உதாரணம் நம் கறி. கறி ஆங்கிலத்தில் உணவானது எல்லோருக்கும் தெரியும். அதே எழுத்துக்கூட்டில், குதிரையைத் தேய்த்துவிடுவது, தோலைப் பதப்படுத்துவது என்ற பழைய பிரெஞ்சு வினை ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடைசி ஒய்யை ஐ ஆக்கி, இ-ஆர் சேர்த்துத் தோல் பதனிடுபவரை வைக்க முடிகிறது. சமையல்காரர் என்று நினைத்து வைத்தாலும் புள்ளி அதேதான்.

தோசையும் செல்லும். அதில் ஒரு வியப்பு: பட்டியலில் தோசா ஒருமை. பன்மைக்கு எஸ் சேர்த்தும் சொல்லலாம், தோசை என்றும் சொல்லலாம். நாம் ஒன்றுக்கு வைத்த பெயர் அங்கே பலவுக்கு ஆகியிருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

நேற்று ஒன்று விட்டுவிட்டேன். நாணயப் பொருளில் வரும் கேஷுக்கு மெரியம்-வெப்ஸ்டர் தரும் பன்மை கேஷ் என்பதே. பத்து கேஷ், இருபது கேஷ். செப்புக்காசின் நாணயத்திலும் இருபதுக்குப் பிறகு எஸ் இல்லை, பாருங்கள். ஆகவே வேப்பம்பூவின் அம்மா சொன்ன வழியில் போனால் கேஷஸ் கிடைக்காது. நம் காசிலிருந்து பிறந்த சொல் பன்மைக்கு மாறாமல் நிற்கிறது. பையனுக்கு 45 புள்ளிகள் வாங்கிக் கொடுத்தது இத்தாலியப் பணப்பெட்டியிலிருந்து வந்த வினை. அதே சமயம், அந்த வினை எதன்மேல் நிகழ்கிறதோ அதற்கு நாம் வைத்த பெயர் காசோலை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள், அவர் முற்றிலும் தோற்கவில்லை.

தமிழ்வேர் எழுதியது:

இரண்டு நாட்களாக யோசித்தேன். கரும்பலகை அம்மா சொன்ன கைஷா விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். கைப்பணம் என்ற பொருளில் வரும் கேஷ் நம்முடையது அல்ல. இனி அப்படி எழுத மாட்டேன். மற்றவர்கள் எழுதினாலும் இந்த இழையைக் காட்டுவேன்.

ஆனால் காசு நாணயமாவதற்கு முன்பே தமிழில் வாழ்ந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பிடித்திருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் கூரிய நகங்களின் நுனியில் பிடித்த பொற்காசு போல அது தெரிகிறது என்கிறார் அள்ளூர் நன்முல்லையார். அங்கே காசு கொடுத்து வாங்குவதற்கு அல்ல, கோத்து அணிவதற்கு. நம் பெண்கள் கழுத்தில் போடும் காசுமாலை அந்தப் பாட்டிலிருந்து நேரே வருகிறது என்றே எனக்குத் தோன்றும்.

சொல் விளையாட்டு என்று பேசுவதால் இன்னொன்று. ஒவ்வொரு குறளும் ஈற்றுச் சீரில் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடியும்: நாள், மலர், காசு, பிறப்பு. 'உலகு' என்று முடியும் முதல் குறள் பிறப்பு. 'எல்லாம் தலை' என்றால் மலர். ஒரு சொல் அந்த இடத்தில் செல்லுமா என்று பார்க்க நம் முன்னோர் கையில் எடுத்த அளவுகோல்களில் ஒன்று காசு. அதிலும் பொருளைக் கேட்பதில்லை, அசையைத்தான் பார்ப்பார்கள். எழுத்துப்பை தம்பி தம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

வேப்பம்பூ எழுதியது:

என் பெயரையும் கிளியின் அலகில் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள், ஐயா. நன்றி.

நேற்று இரவு பலகையை இறக்கினோம். அப்பாவிடம் எழுத்துப்பை சொன்ன காசோலை விளக்கத்தை வாசித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "வினையை மறந்துவிட்டேன், எழுது 45" என்றார். பையன் பக்கம் திரும்பி, "அந்த வினையைத் தாத்தா எத்தனை ஆயிரம் முறை செய்திருக்கிறேன் தெரியுமா" என்று கூண்டுக் காலத்துக் கதைகளைத் தொடங்கிவிட்டார். பச்சோலியின் பெயரைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டம் முடிய இரவு பதினொன்று ஆனது. அப்பா 12 புள்ளிகளில் வென்றார். பையனுக்கு வருத்தமே இல்லை, அவன் சொல் பலகையில் இருந்தது.

அம்மா காசுக்கட்டிச் செய்தியைத்தான் மிகவும் விரும்பினார். இரண்டு ஓ கிடைக்கட்டும், நானும் ஆட வருகிறேன் என்றார்.

செப்புக்காசு ஐயா, உங்களுக்கு ஒரு கேள்வி. அஞ்சறைப்பெட்டி என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மா எழுந்து போய், அறந்தாங்கிப் பாட்டி கொடுத்த பழைய பெட்டியிலிருந்து ஒரு செப்புத் துண்டை எடுத்துவந்தார். கடுகோடு கடுகாகக் கிடந்ததாம், எடை பார்க்கும் துண்டு என்று நினைத்திருந்தாராம். புளி போட்டுத் தேய்க்கப் போனவரைத் தடுத்துவிட்டேன். ஒரு பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. மறுபக்கம் மூன்று சுழிகள் தெரிகின்றன. என்ன எழுத்து என்று எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பட்டுமா?

செப்புக்காசு எழுதியது:

உடனே அனுப்புங்கள். தேய்க்கவே வேண்டாம், துணியால்கூடத் துடைக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து எடுங்கள், அப்போதுதான் எழுத்து மேலெழும்.

வேப்பம்பூ எழுதியது:

அனுப்பிவிட்டேன். பையன் டார்ச் பிடித்தான்.

செப்புக்காசு எழுதியது:

பார்த்தேன். விஜய.